மிலிட்டரி சிஸ்டர் வீட்டு ட்ரங்க் பெட்டி

நவம்பர் பொறந்தா போதும், எங்க வீட்டுத் திண்ணைல பாட்டிங்க வந்து உக்காந்துருவாங்க. ஆளுக்கு ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பேங்க் பாஸ்புக்கு, ஆதார் கார்டு, செத்துப்போன வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் புக்கு, எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருப்பாங்க. எல்லாம் பட்டாளத்துக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க. வருஷா வருஷம் நவம்பர்ல 'நான் உயிரோட இருக்கேன்'னு லைஃப் சர்டிபிகேட் குடுத்தாதான் ஃபேமிலி பென்ஷன் நிக்காம வரும். அந்த ஃபாரத்த எழுதி, எங்க போகணும், எந்த கவுண்டர்ல குடுக்கணும்னு சொல்லி அனுப்புறது எங்க அம்மா வேலை. யாரும் குடுத்த வேலை இல்ல, அவங்களா எடுத்துக்கிட்டது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல.

2023 நவம்பர்லயும் வந்தாங்க. அம்மா போய் அப்போ ஒன்றரை மாசம்தான் ஆயிருந்துச்சு. தள்ளி இருக்குற ஊர்லேர்ந்து வந்த ரெண்டு பேருக்கு விஷயமே தெரியாது, "சிஸ்டரம்மா தூங்குறாங்களா கண்ணு, நாங்க இருந்து பாத்துட்டே போறோம்"னு சொல்லிட்டு, வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காந்துட்டாங்க. வழக்கமா உக்கார்ற இடம்னா அம்மாவோட ட்ரங்க் பெட்டி. கறுப்பு பெயிண்ட் அடிச்ச இரும்புப் பெட்டி, மேல வெள்ளை இங்கிலீஷ் எழுத்துல கேப்டன், அப்புறம் அம்மா பேரு, அப்புறம் எம்.என்.எஸ். அதுக்கு மேல ஒரு பழைய போர்வைய மடிச்சுப் போட்டு பெஞ்சு மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க. அந்த எழுத்து மேல எத்தனையோ வருஷமா எத்தனையோ பேர் உக்காந்து எந்திரிச்சிருக்காங்க.

எங்க அம்மா கேப்டன். இத நான் சொன்னா இன்னிக்கும் பாதி பேர் நம்ப மாட்டாங்க, புருஷன் கேப்டன்னு எடுத்துப்பாங்க. அப்பா ஸ்கூல் வாத்தியார், துப்பாக்கிய கிட்டக்க கூட பாத்ததில்ல. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டிய பாத்துட்டு அப்பாகிட்டதான் "சார் எந்த ரெஜிமென்ட்டு"ன்னு கேப்பாங்க. அப்பா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு நின்னு "நான் இல்லைங்க, அவங்க"ன்னு சமையக்கட்டு பக்கம் கைய காட்டுவாரு. அந்த எந்திரிச்சு நிக்கிறத அவரு சாகுற வரைக்கும் விடல. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எம்.என்.எஸ்னா மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸ். 1926 அக்டோபர் 1-ம் தேதி ஆரம்பிச்சது, முழுக்க பெண்களே இருந்த பிரிவு. டாக்டர், நர்ஸ் தவிர மத்த பிரிவுகள்ல பெண்கள ஆபிசரா எடுக்க ஆரம்பிச்சதே 1992-லதான். அதுக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடியே நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு நர்ஸிங் முடிச்சிட்டு, தனியா ரயிலேறி வடக்க போய் லெஃப்டினன்ட்டா சேந்திருக்கு. 1970, வயசு 22. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, ரொட்டி பிடிக்காது, குளிருன்னா என்னன்னு தெரியாது. சேந்து ஒரு வருஷம் சொச்சம், பாகிஸ்தானோட 71 போர் வந்துருச்சு.

போர் டிசம்பர் 3-ம் தேதிலேர்ந்து 16 வரைக்கும், பதினாலு நாள். ஆனா ஆஸ்பத்திரிக்கு அது பதினாலு நாள்ல முடியலன்னு அம்மா சொல்லுவாங்க. கிழக்குப் பக்கம் ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரில அவங்க இருந்தாங்க. மைன்ல கால் வச்சவங்க, குண்டு பட்டவங்கன்னு வந்துட்டே இருப்பாங்களாம், சண்டை நின்னப்புறமும் மாசக்கணக்கா வார்டு நெறஞ்சே இருந்துச்சாம். ரத்தம், ஆபரேஷன் இதப்பத்தியெல்லாம் அம்மா ஜாஸ்தி பேசுனதில்ல. கேட்டா பேச்ச மாத்திருவாங்க. அவங்களா பேசுறது ஒண்ணே ஒண்ணுதான், லெட்டர்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுங்க வார்டுல இருந்திருக்காங்க. தமிழ் பேசுற சிஸ்டர்னு தெரிஞ்சதும், கை முடியாதவங்க, கண்ணுல கட்டு போட்டிருக்கவங்க, எழுதவே தெரியாதவங்க எல்லாரும் "சிஸ்டர், வீட்டுக்கு ஒரு லெட்டர்"னு கேப்பாங்களாம். டூட்டி முடிஞ்சப்புறம் ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு இன்லேண்ட் லெட்டர்ல எழுதுவாங்க. பதில் போட வேண்டிய அட்ரஸ்ல ஊர் பேரே இருக்காது, 99 ஏபிஓன்னு ராணுவத் தபாலாபீஸ் நம்பர் மட்டும் இருக்கும், கிழக்க இருந்த ராணுவத்துக்கெல்லாம் அதான் அட்ரஸ்.

ஒரு ஜவான், வயசு இருபது கூட இருக்காது, வலது கை முழுக்க கட்டு, இடது கால் முட்டிக்குக் கீழ இல்ல. முதல் லெட்டர்ல "கால்ல சின்ன அடி, பயப்படாதீங்க"ன்னு எழுதச் சொல்லியிருக்கான். அம்மா அப்படியே எழுதினாங்க. அடுத்த வாரமும் அதே "சின்ன அடி". அதையும் எழுதினாங்க. மூணாவது வாரம் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எழுதுங்க சிஸ்டர், கால் இல்லன்னு எழுதுங்க, ஆனா நீங்க சொல்ற மாதிரி எழுதாதீங்க, நான் சொல்ற மாதிரி எழுதுங்க"ன்னானாம். அன்னிக்கு அவன் சொன்னத அப்படியே, ஆத்தா, ஏலே, திட்டு, அழுகை எல்லாத்தோடயும் எழுதிக் குடுத்தாங்களாம். "முதல் வாரமே நான் உண்மைய எழுதியிருந்தா அது என் லெட்டர். எப்போ சொல்றது, எப்படி சொல்றதுங்கறது அவன் இஷ்டம், எழுதுற கை மட்டும்தான் நம்மளது"ன்னு அம்மா சொல்லுவாங்க. அவன அப்புறம் பூனாவுல இருக்குற செயற்கைக் கால் மையத்துக்கு அனுப்புனாங்களாம். அதுக்கப்புறம் என்ன ஆனான்னு அம்மாவுக்குத் தெரியாது.

1979-ல கல்யாணம். வேலையும் அதோட முடிஞ்சுது. அப்போ ரூல் அப்படி, எம்.என்.எஸ்ல இருக்குற பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலைய விட்டு எடுக்கலாம்னு 1977-ல வந்த ஆர்மி இன்ஸ்ட்ரக்‌ஷன்லயே இருந்துச்சு. 1995 வரைக்கும் அந்த ரூல் இருந்துச்சு. ஒம்போது வருஷ சர்வீஸ், பென்ஷனுக்குப் பத்தாது. நான் வளந்து, வேலைக்குப் போய், எனக்கும் கல்யாணம் ஆகி, அதுக்கப்புறமும் வேலைக்குப் போயிட்டு வந்த ஒரு சாயங்காலம்தான் இது எனக்கு ஒறைச்சுது. என் கல்யாணத்துக்கு ஆபீஸ்ல கேக் வெட்டுனாங்க. அம்மாவுக்கு ட்ரங்க் பெட்டிய கட்டச் சொல்லியிருக்காங்க. "உனக்குக் கோவமே வரலையாம்மா"ன்னு கேட்டேன். "அப்போ எல்லாரும் அப்படித்தான்டி வெளிய வந்தோம்"னு சொல்லிட்டு வெங்காயத்த நறுக்கிட்டே இருந்தாங்க. கோவம் வந்துச்சா வரலையான்னு அவங்க சொல்லவே இல்ல.

நாங்க இருந்தது திருவாரூர் பக்கம் ஒரு கிராமம், அப்பா ஊர். அங்க வந்து ஒரு வருஷத்துலயே 'மிலிட்டரி சிஸ்டர்'னு பேரு வந்துருச்சு. சைக்கிள்ல ஒரு தகர டப்பாவ கட்டிக்கிட்டு வீடு வீடா போவாங்க. ஊசி போடுறது, மருந்து குடுக்குறது அவங்க வேலை இல்ல, அத டாக்டர்கிட்ட அனுப்பிருவாங்க. அவங்க போனது, யாரும் போகாத இடத்துக்கு. படுத்த படுக்கையா இருக்குற தாத்தாவ எப்படிப் புரட்டிப் போடணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தலன்னா முதுகுல புண்ணு வந்துரும்னு மருமகளுக்கு உக்காந்து சொல்லித் தருவாங்க, சொல்லிட்டு வரமாட்டாங்க, அந்தப் பொண்ணு தன் கையால ஒரு தடவை செஞ்சு காட்டுற வரைக்கும் அங்கயே இருப்பாங்க. சர்க்கரை இருக்கவங்க கால தெனமும் கண்ணாடி வச்சு அடிப்பக்கம் பாக்கணும், வயல்ல வெறுங்கால்ல போகக்கூடாதுன்னு எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. தீக்காயத்துக்கு இங்க் ஊத்துறது, மாவு தடவுறதெல்லாம் எங்க ஊர்ல நின்னு போனது அம்மாவாலதான், இத நான் பெருமையாவே சொல்றேன். "தண்ணி ஊத்து, இருபது நிமிஷம் ஊத்திக்கிட்டே இரு, வேற எதையும் தொடாத". சின்னப் பசங்க கூட இத ஒப்பிப்பாங்க.

இதுல ஒரு விஷயத்த நான் சொல்லியே ஆகணும். எனக்கு ப்ளஸ் டூ கணக்கு பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, தெருவுல ஒரு குழந்தை மேல கொதிக்கிற கஞ்சி கொட்டிருச்சு. அம்மா ஓடிட்டாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போயிட்டு பதினோரு மணிக்குத்தான் வந்தாங்க. வாசல்லயே நின்னு கத்துனேன், "உனக்கு நான் முக்கியமா ஊர் முக்கியமா"ன்னு. பதிலே பேசல. கை கால் கழுவிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. ரெண்டு பென்சில சீவி வச்சாங்க, ஜியாமெட்ரி பாக்ஸ தொடச்சு வச்சாங்க, நான் ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன், அதுவரைக்கும் அசையல. நான் ஒரு வார்த்தை பேசல. அந்தக் குழந்தை பொழச்சுது, இப்போ அவனுக்கே பசங்க இருக்காங்க. நான் அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சு நெனச்சு, கடைசி வரைக்கும் கேக்கல.

2010-ல எனக்குப் பொண்ணு பொறந்தப்போ அம்மா நாப்பது ராத்திரி என் கூடவே முழிச்சிருந்தாங்க. ஒரு நோட்டுல எத்தனை மணிக்குப் பால் குடிச்சுது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு, என் காய்ச்சல் எவ்வளவு, நான் எத்தனை மணி நேரம் தூங்குனேன், எல்லாம் கோடு போட்டு எழுதி வச்சிருக்காங்க. கோடு போட்ட கடைசிக் கட்டத்துல, 'தாய் அழுதாள், காரணம் கேக்கவில்லை' அப்படின்னு ஒரு நாள் எழுதியிருக்கு. அந்த நோட்டு இப்போ என்கிட்ட இருக்கு.

அம்மாவ ஊர் தாண்டி மத்தவங்களும் பாத்தது சுனாமில. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நாகப்பட்டினம் எங்களுக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர். அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்துப்போனாங்க. மத்தியானம் நியூஸ் தெரிஞ்சதும் அம்மா தகர டப்பாவ எடுத்தாங்க, அப்பா ஒரு வேன் புடிச்சாரு, நானும் போனேன், எனக்கு அப்போ 23. வழில யாரும் எதுவும் பேசல.

ஒரு பள்ளிக்கூடத்துல கேம்ப். தகரத்துலயும் படகு கட்டையிலயும் கிழிச்ச காயம், எல்லாத்துக்குள்ளயும் மண்ணும் சேறும். சின்ன வயசு டாக்டர் ஒருத்தர், தூக்கமே இல்லாம, ஒவ்வொரு காயமா தச்சுட்டே இருந்தாரு. அம்மா ரொம்ப நேரம் அவருக்கு எடுத்துக் குடுத்துட்டே இருந்தாங்க. அப்புறம் மெதுவா, அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாங்க, "டாக்டர், 71-ல நாங்க இந்த மாதிரி அழுக்கு காயத்த அன்னிக்கே தைக்க மாட்டோம். நல்லா கழுவி, செத்த சதைய எடுத்துட்டு, தொறந்தே கட்டு போட்டு வைப்போம், நாலஞ்சு நாள் கழிச்சு சுத்தமா இருந்தா தைப்போம்". அவரு நிமிந்து பாத்தாரு. "நீங்க யாருங்கம்மா"ன்னு கேட்டாரு. "நர்ஸுதான் டாக்டர்"னாங்க. அதுக்கப்புறம் அந்த கேம்ப்ல பெரிய காயம் எதையும் அன்னிக்கே மூடல. உள்ள அழுக்க வச்சு மூடுனா அது சீழ் பிடிக்கும், போர்ல கத்துக்கிட்ட பாடம் அது, முப்பத்து மூணு வருஷம் கழிச்சு கடல்கரைல ஒரு ஸ்கூல் பெஞ்சு மேல வேலைக்கு வந்துச்சு.

ரெண்டாவது நாள்லேர்ந்து எல்லாரும் பொணத்தால நோய் வரும்னு பயந்தாங்க. அம்மா அதுக்குப் பயப்படல, "செத்தவங்க யாருக்கும் நோய் குடுக்க மாட்டாங்க, தண்ணிதான் குடுக்கும், தண்ணிய பாருங்க"ன்னு சொல்லி தண்ணித் தொட்டி பக்கம் போய் நின்னுட்டாங்க. ஒவ்வொரு குடும்பமா கூப்ட்டு உப்பு சர்க்கரை கரைசல் கலக்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூன தலை தட்டி. இதுவும் 71-தான். பங்களாதேஷ் அகதிங்க லட்சக்கணக்குல வந்தப்போ போங்கான் கேம்ப்ல காலரா, டிரிப்ஸ் பாட்டில் தீந்துபோச்சு, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதே மாதிரி ஒரு கரைசலத்தான் ட்ரம் ட்ரம்மா கலந்து, வீட்டாளுங்க கையாலயே குடுக்க வச்சாரு. நூத்துக்கு முப்பது பேர் செத்துட்டு இருந்த இடத்துல மூணு நாலு பேர்னு கொறஞ்சுது. அம்மா அவர பாத்ததில்ல, அப்போ ஆஸ்பத்திரில எல்லாரும் பேசிக்கிட்டதக் கேட்டதுதான். அவர் 2022-ல எறந்தப்புறம், 2023 ஜனவரில அவருக்குப் பத்மவிபூஷண் அறிவிச்ச நியூஸ நான்தான் படிச்சுக் காட்டுனேன். "அந்த டாக்டருக்கா"ன்னு கேட்டுட்டு ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாங்க. அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்தது கடைசியா அன்னிக்குத்தான்.

கேம்ப்ல ராத்திரி நேரம் அம்மா பண்ணது வேற. புள்ளைய பறிகொடுத்தவங்க பக்கத்துல போய் உக்காருவாங்க. ஆறுதல் சொன்னதே இல்ல. "பேரு என்னம்மா"ன்னு மட்டும் கேப்பாங்க, அவங்க சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிப்பாங்க, பேரு, வயசு, என்ன டிரெஸ்ஸு, எங்க கடைசியா பாத்தது. நிவாரண மனு, காணாமப் போனவங்க விவரம்னு எல்லாத்துக்கும் அது தேவைப்பட்டுச்சு. பதினேழு நாள் இருந்தோம். இந்த மனு எழுதுற வேலை அதோட பெருசா ஆயிருச்சு, முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு. கஜா புயல்ல, 2018 நவம்பர், எங்க ஓடும் போச்சு, தென்னையும் போச்சு, கரண்ட் இல்ல. அப்போ அவங்களுக்கு 70 வயசு, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஊர் மொத்தத்துக்கும் உக்காந்து எழுதினாங்க.

லைஃப் சர்டிபிகேட்டுக்கு 2014-லேர்ந்து கைரேகை வச்சு ஆன்லைன்ல எடுக்குற முறை வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா நாத்து நட்டு களை எடுத்த கை, ரேகை தேஞ்சு போயிருக்கும், மெஷின்ல விழவே விழாது. பாட்டிங்க மெஷின் முன்னாடி விரல புடவைல தொடச்சு தொடச்சு வைப்பாங்க. அம்மா அந்த விரல தன் கைக்குள்ள வச்சு, கொஞ்சம் எண்ணெய் தடவி, தேச்சு சூடாக்கி, இன்னொரு தடவை வைக்கச் சொல்லுவாங்க. விழலன்னா பேப்பர் ஃபாரம் எழுதி, தானே கூட்டிட்டுப் போவாங்க.

அம்மா கடைசி ரெண்டு வருஷம் இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, படி ஏற முடியாம இருந்தாங்க. தன் நாடிய தானே புடிச்சு, சுவத்துக் கடிகாரத்த பாத்து எண்ணிக்கிட்டு இருப்பாங்க. செப்டம்பர் 27 காலைல எண்ணிக்கிட்டே இருந்தாங்க, நான் காபி கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு. அக்டோபர் 1-க்கு நாலு நாள் இருந்துச்சு. ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு பழைய சிநேகிதிங்களுக்கு கார்டு போடுவாங்க, அந்த வருஷத்து கார்டெல்லாம் அட்ரஸ் எழுதி மேஜைல தயாரா இருந்துச்சு. நான்தான் போஸ்ட் பண்ணேன், ஒவ்வொண்ணுலயும் கீழ ஒரு வரி சேத்து.

காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் ட்ரங்க் பெட்டிய தொறந்தேன். யூனிஃபார்ம் ஒண்ணு, தோள்ல குத்துற நட்சத்திரம் ஆறு, ஒரு மெடல், ஒரு கட்டு லெட்டர். அதுல ஒரு இன்லேண்ட், நீல நிறம் வெளுத்துப் போய், அந்தக் கால் போன பையனோட அம்மா எழுதினது. எழுதினதுன்னு சொல்லக்கூடாது, அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன் எழுதியிருக்கான், 'இப்படிக்கு'ங்கற இடத்துல கைநாட்டு. 'எம்மவன் பேசுன மாதிரியே எழுதி அனுப்புன தாயிக்கு'ன்னு ஆரம்பிக்குது. சொன்ன ரெண்டு பேரும் எழுதல, எழுதின ரெண்டு பேரும் வேற யாரோ, ஆனா அந்தத் தாயும் புள்ளையும் பேசிக்கிட்டாங்க. நான் அத ரொம்ப நேரம் கைல வச்சிருந்தேன்.

பெட்டியோட அடில ஒரு முழு வெள்ளைப் பேப்பர், மடிப்பு கலையாம இருந்துச்சு. மனு எழுதுற மாதிரி ஆரம்பிச்சிருக்காங்க. 'அனுப்புநர்'னு போட்டு, கேப்டன் (ஓய்வு), பேரு, அட்ரஸ் எல்லாம் அவங்க குண்டு எழுத்துல. அதுக்குக் கீழ 'பெறுநர்'. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. தேதியும் இல்ல. இங்கிலீஷ் ஃபாரத்துல எக்ஸ் சர்வீஸ்மேன்னு போட்டிருக்கறத பாத்துட்டு, "தமிழ்ல பாரு, முன்னாள் படைவீரர்னு போட்டிருக்கான், அதுல ஆம்பள பொம்பள இல்ல"ன்னு அம்மா ஒரு தடவை சொன்னது அப்போ ஞாபகம் வந்துச்சு. ஊருக்கே மனு எழுதின கை, தனக்காக ஒண்ணு எழுத உக்காந்து, யாருக்கு அனுப்புறதுன்னு தெரியாம மடிச்சு வச்சிருக்கு.

2024 பிப்ரவரி 14-ம் தேதி சுப்ரீம் கோர்ட்ல ஒரு தீர்ப்பு. 1988-ல கல்யாணம் ஆச்சுன்னு எம்.என்.எஸ்லேர்ந்து அனுப்பப்பட்ட ஒரு முன்னாள் லெஃப்டினன்ட் பல வருஷம் போராடின கேஸ். கல்யாணத்தக் காரணம் காட்டி ஒரு பெண் ஆபிசர வேலைய விட்டு எடுத்தது தப்பு, அந்த ரூலே தன்னிச்சையானதுன்னு கோர்ட் சொல்லி, அவங்களுக்கு 60 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. ஆபீஸ்ல போன்ல அத படிச்சேன். அம்மா போய் நாலரை மாசம். எனக்கு அந்தப் பணமெல்லாம் மனசுல வரல. அம்மா இருந்திருந்தா ரெண்டாவது தடவை படிக்கச் சொல்லியிருப்பாங்க, அது மட்டும்தான் வந்துச்சு. பாத்ரூம்ல போய் அழுதேன்.

நவம்பர்ல நான் லீவு போட்டு ஊருக்குப் போறேன். 2023-ல அந்த ரெண்டு பாட்டிங்களுக்கும் விஷயத்த சொன்னப்புறம், அவங்க அழுது முடிச்சப்புறம், "சரி குடுங்க"ன்னு நானே ஃபாரத்த வாங்கி எழுதினேன். அடுத்த வருஷம் ஒம்போது பேர் வந்தாங்க. அதுல ஒரு புது பாட்டி, அம்மாவ பாத்ததே இல்லாதவங்க, போர்வை விலகி வெள்ளை எழுத்து தெரியுறத பாத்துட்டு விரலால தடவிக்கிட்டே, "என்ன கண்ணு எழுதியிருக்கு"ன்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன்.

"கேப்டனா? ஒங்கப்பாவா?"

"இல்ல பாட்டி. எங்க அம்மா."

அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பெட்டிய விட்டு எந்திரிச்சு, முந்தானையால அந்த எழுத்து மேல இருந்த தூசிய தொடச்சுட்டு, கீழ தரைல உக்காந்துக்கிட்டாங்க. "மேலயே உக்காருங்க பாட்டி, அம்மா அதுக்குத்தான் போட்டு வச்சாங்க"ன்னு சொல்லிக் கைய புடிச்சு உக்கார வச்சு, ஃபாரத்த எடுத்து, "பேரு சொல்லுங்க"ன்னேன்.